இடது ஆள்காட்டி விரல்

கொண்டலாம்பட்டி தாண்டி, நடுநிலைப் பள்ளி,
கிழக்குப் பார்த்த ஓட்டுக் கட்டடம், அறை எண் இரண்டு.
எனக்கு வாய்த்தது
மைக்குப்பியும் கையெழுத்துப் பதிவேடும்.
தம்மம்பட்டியிலிருந்து முந்தின நாளே வந்து
இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டுப் படுத்தவன்.
இந்த ஊரில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
விரல்கள்.

ஏழு மணிக்கு முன்பே தறித்தெரு வந்து நின்றது.
எட்டு மணிக்கு ஷிப்டு.
சம்பளத்தோடு விடுமுறை என்று கலெக்டர் சொன்னது
தறிச் சத்தத்தில் கேட்கவில்லை போலும்.
மீட்டருக்குத்தான் கூலி.
நூல் அறுத்த கோடுகள் முதல் கணுவில்.
வைத்த மை அதில் இறங்கி
வாய்க்கால் தண்ணீராய் ஓடியது.
மகன், அவன் பின்னால் மனைவி, அவள் பின்னால் மாமியார்,
ரேஷன் கடை வரிசையை அலுங்காமல்
தூக்கிவந்து வைத்தமாதிரி.

பத்துமணிவாக்கில் வெள்ளிப் பட்டறை.
பற்றவைத்துப் பற்றவைத்துக் கறுத்த நகங்கள்.
கூடவே வந்த பீகார்ப் பையன்கள் மூவர்
கேட்டுக்கு வெளியே டீயோடு நின்றுவிட்டார்கள்.
பாதிக் கொலுசு அவங்க கைதான் சார், என்றார் ஏஜென்ட்.
அவர்கள் வாக்கு
இரண்டு நாள் ரயிலுக்கு அப்பால் இருக்கிறது.

பட்டியலைப் புரட்டினால் வேறொரு கதை.
மகள்களின் பெயர்மேல் கோடு.
மருமகள்களின் பெயர் கடைசிப் பக்கத்துத் துணைப்பட்டியலில்.
இரண்டுக்கும் நடுவே தவறி விழுந்தவர்கள்
ஆதாரை நீட்டியபடி வாசலில்.
"நாமக்கல்ல எடுத்துட்டாங்க, இங்க ஏறல."
ஒருத்தி இடுப்பில் குழந்தை.
அது என் மைக்குப்பியைக் கேட்டு அழுதது.

ராயல் கிரீன் சிட்டியில் இருநூற்று நாற்பது பெயர்.
மதியம்வரை முப்பத்தொன்று.
பெங்களூரில் வேலை, இங்கே இஎம்ஐ.
மிச்சப்பேர் எங்கே என்றேன்.
ஏஜென்ட் ஜன்னல்வழி சேர்வராயனைக் காட்டினார்.
"மூணு நாள் லீவு சார்.
கொண்டை ஊசி வளைவுல வரிசையா நிப்பாங்க."
ஆனாலும் ஒருத்தி வந்தாள்,
ஓசூரிலிருந்து நின்றபடியே பஸ்ஸில்,
முதுகில் பை, வாரப்படாத தலை.
மை காயுமுன் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.
அவளை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்று மணிக்கு சீரங்காயி.
சாயப்பட்டறை.
நீட்டிய கை முழங்கைவரை ஊதா.
"ஏற்கெனவே மை இருக்குதே" என்றான் மூலையிலிருந்து ஒருவன்.
அறை அப்படியே நின்றது.
எச்சில் தொட்டுத் தேய்த்தாள். சேலையில் தேய்த்தாள்.
பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.
"இது நான் சம்பாதிச்ச மை.
உன்னுது ஒரு மாசத்துல போயிரும், சார்."
பதிவேட்டில் அவள் எண்ணுக்கு எதிரே எதுவுமில்லை.
அதுதான் அவள் பக்கம் பேசியது.
குச்சியை எங்கே வைப்பது என்று தேடினேன்.
நகத்தடியில்
வெள்ளையாய் ஒரு பிறை மிச்சமிருந்தது.

ஆறு மணிக்குக் கதவடைத்து
போனில் சொன்னேன்: எழுபத்தொரு சதவீதம்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
திருமணிமுத்தாற்றில் மூன்று பட்டறைச் சாயம் இறங்கி
மூன்றுமில்லாத ஒரு நிறம் ஓடுமே,
அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

வராந்தாவில் ஏஜென்ட்கள் பென்சிலோடு உட்கார்ந்தார்கள்.
இந்தத் தெரு நமக்கு, அந்தத் தெரு அவனுக்கு,
லேஅவுட் வந்தால் வந்தது.
சீரங்காயியை
இரண்டு பேருமே தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள்.

அரக்கு வைத்து, வேனில் ஏற்றி,
பைப்பில் கை கழுவினேன்.
வலது கை முழுக்க ஊதா.
இடது ஆள்காட்டி விரல் மட்டும் துடைத்துவைத்தமாதிரி:
என் வாக்கு போன வாரமே
ஒரு தபால் உறைக்குள் போய்விட்டது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விரலைப் பார்த்துக் கேட்டார்,
"என்ன சார், ஓட்டுப் போடலியா?"